அறிவியற் செல்வர் கே. எஸ். கிருஷ்ணன்

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் என்னும் பழம்பதி உள்ளது. மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றும் பொருட்டு வந்த ஒல்லாந்தர் அங்கே ஒரு கோட்டை கட்டினர். அக்கோட்டை இன்று சிதைந்து கிடக்கின்றது. அதனுள்ளே அவர்தம் கல்லறைகள் சில உள்ளன. இறந்தோர் பெயரும் ஆண்டும் கற்பலகைகளில் அழகுறச் செதுக்கப்பட்டுள்ளன. ஆயினும், அவர்கள் யாவர், என் செய்தனர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. பெயர் கல்லில் நின்றும், செயல் மறைந்துவிட்டது.

அக்கோட்டைக்கு அணித்தே கல்பாக்கம் அமைந்துள்ளது. அணுவின் ஆற்றலிலிருந்து மின்னாற்றல் விளைவிக்கும் நிலையமும் அணு ஆராய்ச்சி மையமும் அங்கே உள்ளன. இந்நாட்டில் இத்துறைக்கு அடிகோலிய அணுசக்திக் குழு 1948 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அக்குழுவின் முதல் உறுப்பினர் மூவர். ஓமி பாபா தலைவர். சாந்தி சுவரூப் பட்நாகர் ஒருவர். மற்றவர் தமிழ்நாட்டவராகிய கே. எஸ். கிருஷ்ணன். கல்பாக்கம் வழியே செல்வோருள் இப்பெயரை நினைப்பவர் பலர் அல்லர். எனினும் அறிவியல் ஏடுகளில் இவர் பெயர் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. பெயர் மறைந்தவிடத்தும் செயல் நின்று பயன் தருவதற்கு இவர் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4 ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. இவர் தந்தையார் உழவுத்தொழில் உடையவர், தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி மிக்கவர், இறைபத்தி நிறைந்தவர். இளமையிலேயே இருமொழி இலக்கியச் சுவையைக் கிருஷ்ணன் தந்தையாரிடம் பெற்றார். அச்சுவை இறுதிவரை இவரை விட்டு நீங்கவில்லை.

ஊர்ப்பள்ளியில் பயின்ற பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் இவர் கல்வி கற்றார். கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியற் பிரிவில் செய்முறை விளக்குநராகப் பணியேற்றார். அந்நாளில் நண்பகல் உணவு வேளையில் மாணவர் இவரைச் சூழ்ந்துகொள்வர். இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய எத்துறையிலும் எவ்வினாவும் வினவலாம். கிருஷ்ணன் விளக்கம் தருவார். இச்செய்தி பரவவே, பிற கல்லூரி மாணவரும் அங்கே வரத் தொடங்கினர். ஒரு துறையின் வேலிக்குள் நில்லாத இவரது அறிவுவேட்கை அப்பொழுதே வெளிப்பட்டது.

அக்காலத்தில் சந்திரசேகர வேங்கட இராமன் கல்கத்தாவில் ஒளியியல் ஆராய்ச்சியில் புகழ் பெற்று விளங்கினார். அவரிடம் பயில விழைந்த கிருஷ்ணன் 1920 ஆம் ஆண்டில் கல்கத்தா சென்றார். 1923 ஆம் ஆண்டில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். திரவங்களின் ஊடே செல்லும் ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்பதே இவருக்கு வாய்த்த முதற் பணி. ஒன்று இரண்டு அல்ல, 65 திரவங்களைத் தூய்மை செய்து, ஒவ்வொன்றிலும் ஒளி சிதறும் இயல்பை அளந்தார். தூசு ஒரு துளி கலந்தாலும் அளவு பிழைபடும். ஆகவே, மீண்டும் மீண்டும் வடித்தெடுத்தல் வேண்டும். பிறர் சலிப்படையும் இவ்வேலையில் கிருஷ்ணன் சலித்தாரல்லர். அதன் முடிபுகள் 1925 ஆம் ஆண்டில் வெளியாயின.

1928 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இந்திய அறிவியல் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்கது. ஒளி ஒரு பொருளிற்பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி நிறம் மாறாமலே வெளிவரும். மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு எத்தகையது என்பதை அறிவிக்கும். இவ்வுண்மையை இராமனும் கிருஷ்ணனும் அத்திங்களில் தெளிந்தனர். கிருஷ்ணன் அந்நாட்களில் நிகழ்ந்தவற்றை நாட்குறிப்பில் எழுதிவந்தார். பிப்ரவரி 7 ஆம் நாள் பகலில் ஆய்வுக்கூடத்தில் கண்டதை எண்ணி எண்ணி, இரவில் இராமனே கிருஷ்ணன் இல்லத்துக்கு வந்து தம் உவகையைப் பகிர்ந்துகொண்டார். பிப்ரவரி 16 ஆம் நாளிட்டு இருவர் பெயராலும் எழுதப்பட்ட குறிப்பு, இலண்டனில் வெளியாகும் 'நேச்சர்' என்னும் ஏட்டில் மார்ச்சு 31 ஆம் நாள் வந்தது. இடையே, பிப்ரவரி 28 ஆம் நாள், நிறம் மாறிய கதிர் தனித்துத் தோன்றுவது ஐயமறக் காணப்பட்டது. அந்நாளே இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இக்கண்டுபிடிப்பு 'இராமன் விளைவு' என்று பெயர் பெற்றது. 1930 ஆம் ஆண்டில் இராமனுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு ஒருவர்க்கே உரியதாயிற்று. பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இராமன் தம்முடன் உழைத்த கிருஷ்ணன் பணியைக் குறிப்பிட்டார். கிருஷ்ணனோ அதற்கு முன்னரே, 1928 ஆம் ஆண்டின் இறுதியில், டாக்காப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துணைப் பேராசிரியராகப் பொறுப்பேற்று, வேறொரு துறையில் முதற்படியிலிருந்து உழைக்கத் தொடங்கிவிட்டார். பெரும்புகழ் பெற்ற ஒரு செயலின் நிழலில் வாழ்நாளெல்லாம் அமர்ந்திருத்தல் எளிது. அந்நிழலைவிட்டு வெயிலில் இறங்கிப் புதுநிலம் உழுதவர் கிருஷ்ணன்.

அப்புதுநிலம் படிகங்களின் காந்த இயல்பு ஆகும். இரும்பைக் காந்தம் ஈர்ப்பதை யாவரும் அறிவர். ஏனைய பொருள்களும் காந்தத்துக்குச் சிறிதேனும் கட்டுப்படுவனவே; சில மெல்ல ஈர்க்கப்படும்; சில மெல்ல விலக்கப்படும். படிகங்களில் இவ்வியல்பு ஒரு திசையில் மிகுந்தும் மற்றொரு திசையில் குறைந்தும் இருக்கும். இந்த வேறுபாடு மிக நுண்ணியது. இதனை அளந்தறியக் கிருஷ்ணன் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது.

மெல்லிய குவார்ட்சு இழை ஒன்றின் நுனியில் சிறு படிகத்தைக் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே தொங்கவிடுவார். படிகம் தனக்கு இசைந்த திசையில் திரும்பி நிற்கும். பின்னர், இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். இழை படிகத்தைத் திருப்ப முயலும். காந்தமோ அதனைப் பழைய நிலையிலேயே நிறுத்த முயலும். படிகம் சிறிது சிறிதாக அசைந்து கொடுக்கும். முறுக்கு ஓர் எல்லையை அடைந்ததும், அதுவரை பொறுத்திருந்த படிகம் திடீரெனப் புரண்டு திரும்பிவிடும். அவ்வாறு புரளும் கணத்தில் இழை எத்துணை முறுக்கப்பட்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், படிகத்தின் திசை வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். விலையுயர்ந்த பொறிகள் இல்லை. ஓர் இழை, ஒரு படிகம், ஒரு காந்தம், பொறுமையுடைய இரு கண்கள் ஆகிய இவையே கருவிகள்.

இம்முறைகளால் கிடைத்த பயன் பெரிது. படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காந்த அளவுகளைக் கொண்டே கூற முடிந்தது. இலண்டனில் எக்சு கதிர்களைக் கொண்டு இதே வினாவை ஆராய்ந்தவர் காத்லின் லான்சுடேல் என்னும் அம்மையார். கடல்கள் இடையிட்ட இவ்விருவரும் 1936 ஆம் ஆண்டில் இதுபற்றிக் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டனர். படிகத்தினுள் அமைந்த அயனிகளின் காந்த இயல்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் வான் விளெக் முதலியோர் புதிய கொள்கை வகுத்தபோது, அக்கொள்கையை ஒப்புநோக்க உதவியவற்றுள் கிருஷ்ணனும் அவர்தம் மாணவரும் எடுத்த அளவுகளும் அடங்கும்.

1933 ஆம் ஆண்டில் கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு மீண்டு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று கிராபைட்டு. பள்ளி மாணவர் எழுதும் பென்சிலின் நடுவே உள்ள கருநிறப் பொருள் அதுவே. கரியணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல ஆறு பக்கங்களாக இணைந்து ஒரு தாளாக அமையும். அத்தகைய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே கிராபைட்டுப் படிகம். காந்தம் இதனைத் தாளுக்குச் செங்குத்தான திசையில் வலிமையாக விலக்குகின்றது. தாளின் வழியே விலக்குவது மிகக் குறைவு. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு ஆகும். மின்னோட்டமும் அவ்வாறே தாளின் வழியே எளிதிற் பாய்கின்றது. தாளைக் குறுக்கே கடந்து செல்ல மிகவும் இடர்ப்படுகின்றது. கிருஷ்ணனும் அவருடன் உழைத்த கங்கூலியும் இவற்றை அளந்து, 1939, 1941 ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டனர். தாளினுள் உள்ள மின்னணுக்கள் சில கட்டற்று உலவுகின்றன என்பதே அவர்கள் கண்ட விளக்கம்.

பென்சில் கரியின் காந்த இயல்பை அளந்தறிவதால் யாருக்கு என்ன பயன் என்று அன்று ஒருவர் வினவியிருப்பின், விடை கூறுதல் அரிதாக இருந்திருக்கும். ஆண்டுகள் அறுபதுக்கு மேல் உருண்டன. 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செசுட்டரில் ஆண்ட்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் என்னும் இருவர், கிராபைட்டிலிருந்து ஒரே ஓர் அணுத் தடிப்புள்ள தாளைப் பிரித்து அதன் மின்னியல்பைக் கண்டனர். அதன் பெயர் கிராபீன். அதற்காக அவர்கள் 2010 ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். உலகெங்கும் ஆய்வாளர் கரித்தாள்களை நாடினர். கட்டற்று உலவும் அம்மின்னணுக்களின் வரலாற்றைத் தேடிச் செல்வோர் பலர், கல்கத்தாவில் எழுதப்பட்ட அப்பழங்கட்டுரைகளைச் சென்று அடைகின்றனர். காலத்தே விதைத்த விதை, விதைத்தவர் மறைந்த பின்னரும் முளைத்தல் கூடும்.

கிருஷ்ணனின் அறிவு இயற்பியலோடு அமையவில்லை. கணிதத்திலும் அது தடம் பதித்தது. வளைகோடு ஒன்றின் கீழ் அடங்கும் பரப்பை அறிய, அதனைச் செவ்வகப் பட்டைகளாக வகுத்துக் கூட்டுவது வழக்கம். பட்டைகள் குறுகக் குறுகக் கூட்டுத்தொகை உண்மைப் பரப்பை நெருங்கும். பட்டை அகலமாக இருப்பின் பிழை நேரும் என்பதே பொதுவிதி. ஆனால் அலைபோல் இயங்கும் சில சார்புகளுக்கு, பட்டையின் அகலம் ஓர் எல்லைக்கு உட்பட்டிருந்தால், கூட்டுத்தொகையில் சிறிதும் பிழை நேராது என்று கிருஷ்ணன் 1948 ஆம் ஆண்டில் காட்டினார்.

சான்றாக, ஒரு கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கத்தை அக்கோணத்தின் வர்க்கத்தால் வகுத்து வரையும் வளைகோட்டைக் கொள்க. இருபுறமும் முடிவின்றிச் செல்லும் அதன் கீழுள்ள முழுப் பரப்பு பை ஆகும். நடுப்புள்ளியில் அதன் உயரம் ஒன்று. அப்புள்ளியிலிருந்து பை அளவு இடைவெளி விட்டு விட்டு உயரங்களை அளந்தால், நடுவிலுள்ளது நீங்க ஏனைய உயரங்கள் எல்லாம் சுழியாகும். எஞ்சுவது உயரம் ஒன்றும் அகலம் பையும் உடைய ஒரே செவ்வகம். அதன் பரப்பும் பையே! முடிவில்லாத பரப்பு ஒரே செவ்வகத்துள் பிழையின்றி அடங்கிவிடுகின்றது. இவ்வுண்மையைப் பற்றிய இவர் கட்டுரை இந்தியக் கணிதக் கழக ஏட்டில் இடம்பெற்றது. இயற்பியல் அறிஞர் ஒருவர் கணித ஏட்டில் இடம்பெறுதல் எளிதன்று.

பதவிகளும் பட்டங்களும் இவரைத் தேடி வந்தன. 1940 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1942 ஆம் ஆண்டில் அலகாபாத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1946 ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் பெற்றார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டில், புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1954 ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருதும், 1958 ஆம் ஆண்டில் பட்நாகர் பரிசும் இவருக்கு வழங்கப்பெற்றன. அப்பரிசைப் பெற்றோருள் இவரே முதல்வர். நிருவாகச் சுமை மிகுந்தபோதும் இவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. மின்னோட்டத்தால் சூடேறிய மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்வாறு பரவுகின்றது என்பதை அந்நாட்களில் ஆராய்ந்தார். தமிழில் அறிவியற் கட்டுரைகளும் எழுதினார். 1961 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தம் 62 ஆம் அகவையில் இவ்வுலகை நீத்தார்.

ஓர் அறிஞரின் ஆராய்ச்சி எத்துணைச் சிறந்தது என்பதை அளப்பது எங்ஙனம்? ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர், தமக்கு முன்னோர் கண்டவற்றுள் எவற்றைத் துணைக்கொண்டனர் என்பதை இறுதியில் குறிப்பிடுதல் மரபு. இது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார், இசைநுணுக்கம், இந்திரகாளியம் முதலிய நூல்களைத் தமக்குத் துணையாகக் குறிப்பிட்டார். அவர் குறிப்பிட்டமையாலேயே அந்நூல்களின் பெயர்களேனும் பின்வந்தோர்க்குத் தெரிந்தன. முன்னோர் கடனை மறவாது கூறுதல் உரையாசிரியர்க்கும் அறிவியல் அறிஞர்க்கும் பொதுவான அறம்.

இவ்வாறு எடுத்தாளப்பட்டவற்றைத் தொகுத்து எண்ணும் அட்டவணையை அமெரிக்காவில் யூஜின் கார்பீல்டு என்பவர் 1964 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். கிருஷ்ணன் மறைந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. 2005 ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர் வேறோர் எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறையேனும் பிறரால் எடுத்தாளப்பட்டிருப்பின் அவருக்குரிய எண் 20 ஆகும். பணிக்கும் பரிசுக்கும் ஆளைத் தேர்வோர் இத்தகைய எண்களையும் நோக்குகின்றனர்.

இவ்வெண்கள் பயனுடையனவே, ஆயினும் இவற்றுக்கு எல்லை உண்டு. ஒரு கட்டுரையைப் போற்றி எடுத்தாள்வாரும் உளர். பிழையென்று காட்ட எடுத்தாள்வாரும் உளர். எண்ணிக்கை இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். மேலும், ஓர் உண்மை மிகப் பெரிதாகிவிட்டால் அதனை முதலிற் கூறிய கட்டுரையை எவரும் குறிப்பிடுவதில்லை. இன்று மருந்துகளையும் மணிக்கற்களையும் சோதிக்க இராமன் விளைவு பயன்படுகின்றது. அதனைக் கையாள்வோர் எல்லாரும் 1928 ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடுவரோ? உணவில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தோன்றாது. ஆனால் உண்பார் நாவுக்கு அது தெரியும். அதுபோல, முதற்கட்டுரை பின்வந்த ஆயிரங் கட்டுரைகளுள் கரைந்து நிற்கின்றது. கிராபைட்டுக் கட்டுரைகளின் நிலையோ வேறு. அறுபது ஆண்டுகள் கடந்து உயர்ந்த அவற்றின் மதிப்பை, அவை வெளிவந்த ஆண்டில் எந்த எண்ணும் காட்டியிராது.

ஆகவே, எண்ணிக்கையைக் கருதி உழைப்பவர் எண்ணிக்கையையே பெறுவர். உண்மையைக் கருதி உழைப்பவர் உண்மையைப் பெறுவர். எண்ணிக்கை பின்னே வந்தாலும் வரலாம், வாராது ஒழியினும் ஒழியலாம். கிருஷ்ணன் தூசு நீங்கத் திரவங்களை வடித்தபோதும், படிகம் புரளும் கணத்தைக் காத்திருந்தபோதும், தம் அளவு பிழையற்றதாக இருத்தல் வேண்டும் என்பதிலேயே கருத்தாக இருந்தார். பிழையற்ற அளவு ஒன்றே காலங்கடந்து, முன்பின் அறியாத ஒருவர்க்கும் உதவ வல்லது.

கிருஷ்ணன் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர், 1984 ஆம் ஆண்டில், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதற்பிரிவு தொழிற்படத் தொடங்கியது. 1985 ஆம் ஆண்டில் அங்குள்ள ஆராய்ச்சி மையத்தில் வேக ஈனுலை இயங்கலாயிற்று. அவற்றைக் காணக் கிருஷ்ணன் இல்லை. சதுரங்கப்பட்டினக் கோட்டையின் கல்லெழுத்துக்களை உப்புக்காற்று நாள்தோறும் தேய்த்துக்கொண்டிருக்கின்றது. கற்பலகையில் எழுதிய பெயர்க்கு அதுவே முடிவு. பின்வருவோர் தம் அறிவின் மேல் அறிவை அடுக்குதற்கு ஏற்ற உறுதியான அடிக்கல்லாகத் தம் உழைப்பை வைத்துச் சென்றவர்க்கோ அத்தேய்வு இல்லை. மாணவர்கள் கிருஷ்ணனைப் போல, எடுத்த செயல் சிறிதாயினும் அதனைப் பிழையறச் செய்து பழகுதல் வேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.